கீழே ஆள் இருக்கு

ஏனுங்கண்ணா, உங்க பைய கொஞ்சம் அக்கட்டால நகத்திக்கறீங்களா? காலு வெக்க எடமில்ல. ம், போதுமுங்க. இத மேல வெக்க முடியாது, வளைஞ்சுரும், அதான் மடியிலயே வெச்சுட்டு வர்றேன். சிம்பலுங்க. டிரம்ஸ் செட்டுல பித்தளைத் தட்டு மாதிரி நிக்குமே, அது. இன்னைக்கு இதுக்கு வேலை கிடையாது. கிடையாதுன்னு தெரிஞ்சேதான் எடுத்துட்டு வர்றேன். ஏன்னு கேளுங்க. நீங்க கேக்கலீனாலும் சொல்லத்தான் போறேன், சேலம் வர்றதுக்கு இன்னும் நேரம் கெடக்குது.

டிக்கெட்டு பெங்களூருக்குத்தான் எடுத்திருக்கேன். ஆனா நான் சேலத்துல எறங்கிருவேன். எறங்கி, கோயமுத்தூர் பஸ்ஸப் புடிச்சு ஊட்டுக்குத் திரும்பிருவேன். இப்பத்தான், பெருந்துறை தாண்டறப்ப முடிவு பண்ணினேன். சாயங்காலம் மேடையில என்னத் தேடட்டும். ஒம்பது வருசம் கூட இருந்தவன ஓரங்கட்டினா எப்படி இருக்கும்னு அவங்களுக்கும் தெரியட்டுமுங்க. ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமில்லீங்களா? ஒரே ஒரு வார்த்தை.

சாரிங்கம்மா. நிறுத்திட்டேன். பாத்தீங்களாண்ணா, முன்னாடி சீட்டு அம்மா திரும்பித் திரும்பி மொறைக்குது. கம்பியில மோதரத்தால தட்டிட்டே வர்றனாமா. கை சும்மா இருக்காதுங்க. டக்கு டக்கு டக்குன்னு மூணு, அப்பறம் ஒரு நொண்டல், அப்பறம் ரெண்டு. பள்ளிக்கூடத்துல இருந்தே இதே பழக்கம். தட்டறேன்னே எனக்குத் தெரியாது. என்ர சம்சாரம் சோத்துத் தட்டுல ஆரம்பிச்சேன்னா கையப் புடிச்சுக்கும்.

நான் பூபதிங்க. பகல்ல காந்திபுரத்துல மச்சானோட பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில இருப்பேன். பொழுதோட ஆச்சுன்னா டிரம்மர். பேண்டுல வாசிக்கறேன்னு சொன்னா எல்லாரும் கல்யாண ஊர்வலமான்னு கேப்பாங்க. அது இல்லீங்க. சினிமாப் பாட்டும் இல்ல. சொந்தமா எழுதி, சொந்தமா மெட்டுப் போட்டு வாசிக்கற ராக் பேண்டு. பேரு 'புறவழிச்சாலை'. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பரவால்லைங்க, எங்க மாமனாரே கேள்விப்பட்டதில்ல.

நாலு பேரு. நிவேதன்னு ஒருத்தன், அவன்தான் பாடறது, கித்தார், பாட்டு எழுதறது. தாட்சாயிணின்னு ஒரு புள்ள, கீபோர்டு வாசிக்கும், ரெக்கார்டிங் வேலையும் அதுதான். ஜாஃபர் பேஸ் கித்தார். அவன் வாயத் தொறந்து நான் பாத்ததே கம்மி. அப்பறம் நான். நான் இல்லாம அது பேண்டே இல்லைன்னு ஊரே சொல்லும். சரி, ஊரு சொல்லலைனாலும் நான் சொல்றேன்.

மொத ரெக்கார்டு போட்டப்ப பாத்திருக்கணுமுங்க. காலேஜ் காலேஜா கூப்பிட்டாங்க. பசங்க பெஞ்சு மேல ஏறிக் குதிப்பாங்க. ஒரு எடத்துல நான் அடிச்ச அடியில ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டுருச்சு. பிரின்சிபால் வேட்டியப் புடிச்சுட்டு ஓடி வர்றாரு, நிறுத்துங்க நிறுத்துங்கன்னு. நிவேதன் பயந்துட்டான். நான் நிறுத்தலீங்க. பாட்டு முடிஞ்சுதான் நிறுத்தினேன். அதுக்குப் பேருதான் வாசிப்பு.

இப்ப ஒரு ரெக்கார்டு போட்டிருக்காங்க. 'சாத்தின கடை'ன்னு பேரு. பேரே எப்படி இருக்குது பாருங்க, வெளங்குமா? வெளிய வந்து ரெண்டு வாரம் ஆச்சு. இன்னைக்குப் பெங்களூருல வெளியீட்டு விழா மாதிரி ஒரு கச்சேரி. பத்திரிகையில எழுதறாங்க, இன்டர்நெட்டுல எழுதறாங்க. "இந்த இசை நம்மை நமக்குள் அழைத்துச் செல்கிறது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. நமக்குள்ள என்னங்க இருக்குது? காலையில தின்ன இட்லிதான் இருக்குது. "இவர்கள் மௌனத்தை வாசிக்கிறார்கள்"ன்னு இன்னொருத்தர். மௌனத்த வாசிக்கறதுக்கு எதுக்குங்க நாலு பேரு, வேனு, கரண்டு பில்லு?

மொத்த ரெக்கார்டுலயும் டிரம்ஸ் கிடையாதுங்கண்ணா. ஒரு அடி கிடையாது. எட்டுப் பாட்டு. டிரம்மர் இருக்கற பேண்டு.

நீங்களே கேளுங்க. இந்தாங்க இயர்போனு, ரெண்டையும் காதுல வெச்சுக்கங்க. எனக்கு வேண்டாம், நான் கேட்டுட்டேன். கடையில ஒரு வாட்டி போன் ஸ்பீக்கர்ல போட்டேன். பக்கத்துல கிரைண்டிங் ஓடிட்டு இருந்துது, கேட்ட வரைக்கும் போதும், அதுலயே புரிஞ்சுபோச்சு. ம், ஆரம்பிச்சுருச்சா? என்ன கேக்குது? ஒண்ணும் கேக்கலையா? அதேதான். ஒண்ணும் கேக்காது. ரொம்ப நேரம் கழிச்சு எங்கயோ கெணத்துக்குள்ள இருந்து கித்தார் ஒண்ணு வரும், பாருங்க. வந்துச்சா? அந்தக் கெணறு என்னன்னு சொல்றேன், அதக் கேட்டா சிரிப்பீங்க. காதுல இருந்து ஒண்ண மட்டும் எடுத்துருங்க, நான் சொல்றது கேக்கோணுமில்ல.

எங்களுக்கு பிராக்டீஸ் எடம் சிங்காநல்லூர்ல. கீழ மயில்சாமி அண்ணனோட பாத்திர வாடகைக் கடை. கல்யாணத்துக்கு அண்டா, குண்டா, கரண்டி, ஜமுக்காளம், சேரு எல்லாம் விடறாரு. மேல ஒரு ஹாலு சும்மா கெடந்துச்சு, எங்களுக்குக் குடுத்தாரு. சத்தம் வெளிய போகக்கூடாதுன்னு அவரோட ஜமுக்காளத்தையே செவுரு பூரா ஆணியடிச்சு மாட்டியிருக்கோம். ஆனா முகூர்த்த நாள் வந்துருச்சுன்னா வந்து கழட்டிட்டுப் போயிருவாரு. அன்னைக்கு வெறும் செவுரு. தெருக்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க, பிராக்டீஸ் கிடையாது. வைகாசியில எல்லாம் நாங்க சும்மாதான் உக்காந்திருப்போம். எங்க பேண்டு பஞ்சாங்கம் பாத்து வாசிக்கற பேண்டுங்க. ரெக்கார்டிங்னா ஆடி மாசந்தான். ஆடியில கல்யாணம் இல்ல, ஜமுக்காளம் பூரா செவுத்துல இருக்கும், அண்டா பூரா கீழ காலியா நிக்கும்.

இப்ப எந்தப் பாட்டு? கதவு கிரீச்சுனு கேக்குதா? அது ரெண்டாவதுங்க. அது கதவேதான். ஷட்டரத் தொறக்கற சத்தத்தப் புடிச்சு பாட்டுக்குள்ள போட்டிருக்காங்க. ஷட்டருக்கு எடம் இருக்குது, டிரம்ஸுக்கு எடமில்ல.

பிரச்சனை எங்க ஆரம்பிச்சுதுன்னா, போன தீவாளிக்கு அப்பறம். நிவேதனுக்கு காதுல ஒரு கோளாறு. எடது காதுல 'ஙீ'ன்னு ஒரு சத்தம் நிக்காம கேக்குதாம். வெளிய இல்ல, உள்ளுக்குள்ளயே. எல்லாரும் தூங்கின பொறவு ரொம்ப அதிகமா கேக்குதாம். டாக்டரு, சத்தத்துக்கிட்டப் போகாதீங்க, இது சரியாகுமான்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு. ஏனுங்க, ரோட்டுல போறோம், லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான், யாருக்குத்தான் காது இரையல? எனக்குங்கூட இரையும். நான் கண்டுக்கறதில்ல. அதென்ன எடது காது மட்டும்னு நானே கேட்டேன் அவன்கிட்ட. மேடையில அவனுக்கு எடது பக்கத்துல நான்தான் உக்காந்திருப்பேன். இதோ இந்த சிம்பல் அவன் காதுக்கு நேரா நிக்கும். எனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டேன். அவன் என்னப் பாத்துட்டு கித்தாருக்குக் கம்பி மாத்தப் போயிட்டான்.

என்னங்க, நீங்களும் அப்படியே பாக்கறீங்க.

சரி, ஆடி பொறந்துச்சு. ஜமுக்காளம் எல்லாம் மாட்டி, நான் டிரம்ஸ் செட்ட தொடச்சு, புதுத் தோலு போட்டு, தயாரா உக்காந்திருக்கேன். நிவேதன் வந்தான். "பூபதி, இந்த வாட்டி டிரம்ஸ் இல்லாம பண்ணிப் பாக்கலாமாடா"ங்கறான். பண்ணிப் பாக்கலாமாங்கறது கேக்கற மாதிரி இருந்தாலும் கேள்வி இல்லீங்க அது. ஏற்கெனவே மூணு பேரும் பேசி வெச்சுட்டு வந்து சொல்றது. ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமில்லீங்களா?

நான் உடனே சண்டைக்கெல்லாம் போகலீங்க. விட்டுக் குடுத்தேன். மெதுவா வாசிக்கறேன்னேன். டிரம்ஸ் மேல துண்டு போட்டு மூடி, குச்சிக்குப் பதிலா பிரஷ்ஷு வெச்சு வாசிச்சேன். என்ர வாழ்க்கையில அவ்வளவு மெதுவா நான் எதையுமே பண்ணினதில்ல. அதுக்கும் அவன் பாதியில காதப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுட்டான். மூஞ்சி வெளுத்துப் போச்சு. "முடியலடா"ங்கறான். நான் மெதுவா வாசிக்கறேன், அவன் முடியலங்கறான். அப்ப என்ன அர்த்தம்? என்ன வேண்டாம்னு அர்த்தம். அத நேரா சொல்லத் தைரியமில்ல, காத சாக்கு சொல்றான். குச்சியத் தூக்கிப் போட்டுட்டு கீழ எறங்கிட்டேன்.

அண்ணா, நீங்க கேக்கறீங்களா, பாட்டக் கேக்கறீங்களா? இல்ல, கேளுங்க, கேளுங்க. அது நாலாவது பாட்டா? அதுல தாட்சாயிணி ஒரே ஒரு கட்டைய அமுக்கிட்டு கையவே எடுக்காது. கேட்டா, அந்தச் சத்தம் காதுல இருக்கற சத்தத்தோட சேந்து நிவேதனுக்கு ரெண்டும் ஒண்ணாயிருதாம். அவனுக்கு அது நிம்மதியாம். அப்ப வைத்தியத்துக்குப் பாட்டுப் போடறாங்களா, ஊருக்குப் பாட்டுப் போடறாங்களா?

இந்தா, பவானி வந்துருச்சு. பாலத்துல போறப்ப கொஞ்சம் ஆடும், பைய புடிச்சுக்கங்க. காவேரியில தண்ணி பரவால்லைங்க இந்த வருசம்.

அண்டா கதைக்கு வர்றேன். மேல நான் வாசிக்கறப்ப எல்லாம் கீழ அண்டா இரையுமுங்க. மயில்சாமி அண்ணன் சொல்லிட்டே இருப்பாரு, தம்பி நீ மேல மிதிச்சா எங்கூட்டு அண்டா கீழ பேசுதுன்னு. அத இந்த தாட்சாயிணி கேட்டுருச்சு. பெரிய அண்டா ஒண்ணு இருக்குது, ஆயிரம் பேத்துக்கு சாம்பார் வெக்கறது. 'மயில்சாமி, சிங்காநல்லூர்'னு புள்ளி புள்ளியா பேரு வெட்டியிருக்கும். அதுக்குள்ள மாடிப்படி ஜன்னல் வழியா ஒரு மைக்க ஒயரோட எறக்கி விட்டுருச்சு. மேல இவங்க வாசிக்கறது தரையில எறங்கி, அண்டாவுல இரைஞ்சு, அத அந்த மைக்கு புடிக்குதாம். அதான் இந்த ரெக்கார்டு பூரா கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குது. இன்னொரு பத்திரிகைக்காரரு என்னமோ மூடுபனி மாதிரின்னு எழுதியிருக்காரு, அது மூடுபனி இல்லீங்க, சாம்பார் அண்டா.

நான் கீழதான் உக்காந்திருந்தேன், ஆடி பூரா. ஊட்டுக்குப் போயிருக்கலாம்தான். ஆனா நான் இல்லாம மேல என்ன பண்ணிக் கிழிக்கறாங்கன்னு தெரியணுமில்ல. கடை சாத்துன பொறவு நேரா வந்துருவேன், அந்தப் பெரிய அண்டாவுல முதுகச் சாச்சு உக்காந்துக்குவேன். பித்தளை குளுகுளுன்னு இருக்கும். மயில்சாமி அண்ணன் எதுத்தாப்புல சேருல உக்காந்து கரண்டி எண்ணிட்டு இருப்பாரு. அவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உங்ககிட்ட சொல்ற மாதிரியேதான். மொத ரெக்கார்டு, கண்ணாடி விரிசல் விட்டது, ஓரங்கட்டினது, எல்லாம். தெனமும் சொன்னேன். மனுசன் கேட்டாரோ தூங்கினாரோ தெரியாது. ஒரு நாள் மட்டும், தம்பி பேசறதப் பேசு, அந்த மோதரத்தால அண்டா விளிம்பத் தட்டாத, நசுங்கிரும்னாரு. அவ்வளவுதான் அவரு சொன்ன ஆறுதல்.

சாரிங்கம்மா. இல்லைங்க, இனிமே இல்ல.

ரெக்கார்டிங் முடிஞ்ச பொறவு தாட்சாயிணி கீழ வந்துச்சு. "பூபதிண்ணா, மேல வாங்க, கடைசிப் பாட்டு ஒண்ண மட்டும் கேட்டுட்டுப் போங்க"ன்னுச்சு. சரின்னு போனேன். போட்டுது. போட்டதும் எனக்கு வயிறெரிஞ்சுது. எந்த எடத்துல டிரம்ஸ் வரணும், எந்த எடத்துல ஏத்தணும்னு சொல்ல ஆரம்பிச்சேன். "அண்ணா, ஒரு அஞ்சு நிமிசம் பேசாம கேளுங்க"ன்னுச்சு. பேசாமயாமா. நான் வாசிக்கவும் கூடாது, பேசவும் கூடாது. எந்திரிச்சு வந்துட்டேன். அப்பறம் நிவேதன் போன் பண்ணினான், நான் எடுக்கல. பொறவு எடுத்தேன், எடுத்து நானே பேசிட்டு வெச்சுட்டேன். ஜாஃபர் கடைக்கே வந்து நின்னான். அவன் என்ன பேசப் போறான், கிளட்ச் கேபிள் ஒண்ணு வாங்கிட்டுப் போயிட்டான். ஆக ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க.

ரெக்கார்டு வந்துச்சு. கீழ எல்லாரு பேரும் போட்டிருக்குது. என் பேரும் இருக்குது. 'பூபதி - தாளம், குரல்'. தாளமாம். ஒரு அடி அடிக்காதவனுக்குத் தாளம். ஒம்பது வருசப் பழக்கத்துக்குப் போட்ட பிச்சை அது. சரி, அதாவது போகட்டும், குரலுன்னா என்னங்க? நான் என்னைக்குப் பாடினேன்? என்ர சம்சாரம் நான் முணுமுணுத்தாலே டிவிய சத்தமா வெச்சுரும். அடுத்தவன் பேருக்குப் போட்டதத் தூக்கி எனக்குப் போட்டுட்டாங்க. அதுகூடச் சரி பாக்கல. அவ்வளவுதான் எனக்கு மருவாதி.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் உச்சம். நேத்து வேனுல சாமான் ஏத்தினாங்க. நான் தெருமொனையில வண்டிய நிறுத்திப் பாத்துட்டு நின்னேன். எப்பவும் என்ர டிரம்ஸ் பொட்டி மொதல்ல ஏறும், அதுதான் பெருசு. நேத்து அந்த எடத்துல என்ன ஏறுச்சு தெரியுங்களா? அந்த அண்டா. ஜமுக்காளத்துல சுத்தி, கவுறு போட்டு, பொண்ணு மாப்பிள்ளைய ஏத்தற மாதிரி ஏத்தறாங்க. அண்டாவ தனியா அனுப்ப மனசு வராம மயில்சாமி அண்ணனும் கூட ஏறிட்டாரு. எனக்கு வேனுல எடம் இருந்துச்சுங்க, இல்லைன்னு சொல்லல. கூப்பிட்டாங்க. அண்டா பக்கத்துல உக்காந்து போகச் சொல்றாங்க. நான் பஸ்ஸுல வர்றேன்னுட்டேன்.

பொழுதோட நிவேதன் போன் பண்ணினான். இந்த வாட்டி என்னப் பேச உடல, மூச்சு விடாம அவனே சொன்னான். "மேடையில அண்டா பக்கத்துல உனக்கு ஒரு சேரு போட்டிருக்கேன். கடைசிப் பாட்டுக்கு வந்து உக்காரு. ஆடியில உக்காந்த மாதிரியே. கை பாட்டுக்குத் தட்டட்டும், வாய் பாட்டுக்குப் பேசட்டும். நீ வரலைனா அந்தப் பாட்டு இல்ல"ங்கறான். எப்படி இருக்குது கேளுங்க. நான் டிரம்மர். ஜன்னல் கண்ணாடிய ஒடைச்சவன். பெங்களூருக்கு வந்து, அத்தனை பேத்துக்கு முன்னால, சாம்பார் அண்டாவுல சாஞ்சு உக்காந்து பேசோணுமா? நான் என்ன பட்டிமன்றத்துக்கா போறேன்? கேலிதானுங்க அது. ஆடி பூரா கீழ உக்காந்து பொலம்பினான்னு மேல கேட்டிருக்குது, அதக் காட்டி சிரிக்கறதுக்குக் கூப்பிடறாங்க. ராத்திரி பூரா அதே வெசனம். தூக்கமில்ல. அதுக்குத்தான் சிம்பல எடுத்துட்டு வந்தேன். மேடையில ஏறி, இத ஒரு அடி அடிச்சுட்டு, போங்கடான்னு எறங்கிரலாம்னு மொதல்ல நெனச்சேன். அப்பறம் யோசிச்சேன். அதுக்கெதுக்கு பெங்களூர் வரைக்கும். சேலத்துலயே எறங்கிரலாம்.

சங்ககிரி தாண்டிருச்சுங்களா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான்.

இப்ப எத்தனாவது ஓடுது? கடைசியா? 'கீழே ஆள் இருக்கு'. அதேதான், அதுதான் அந்தப் பாட்டு. பேரப் பாருங்க, கெணறு தூர் வாரறப்ப மேல எழுதி வெக்கற மாதிரி. அதுல ஒருத்தன் முணுமுணுன்னு என்னமோ சொல்லிட்டே இருப்பான், பூசாரி மந்திரம் சொல்ற மாதிரி, ஒண்ணும் வெளங்காது. அது எவன்னு தெரியல. நிவேதன் குரல் இல்ல, ஜாஃபர் பேச மாட்டான். கூடவே டொக்கு டொக்குன்னு ஒரு தட்டு. அதக் கேட்டுத்தான் எனக்கு உசுரே போச்சு. வெளியாளக் கூட்டிட்டு வந்து தட்ட வெச்சிருக்காங்க. என்ன வேண்டாம்னுட்டு இன்னொருத்தன். அதுவும் எப்படித் தட்டறான்? தாளமே நிக்கல, நடுவுல ஒரு நொண்டல். கத்துக்குட்டி. கடையில கேட்டப்பவே தெரிஞ்சுது, இவன் எங்கயும் ஒழுங்கா...

என்னங்க? பேசக் கூடாதுங்களா? கையக் காட்டறீங்க. சரி.

நீங்களும் அந்தப் பக்கம் சேந்துட்டீங்க, பரவால்ல.

என்னண்ணா? என் கைக்கு என்ன? கம்பியில... ஆமா, தட்டிட்டு இருக்கேன், சாரி. அந்தம்மாவே திரும்பல, உங்களுக்கு என்னங்க? தட்டச் சொல்றீங்களா நிறுத்தச் சொல்றீங்களா? தட்டோணுமா?

எனக்கு எதுக்குங்க, நான்தான் கேட்டுட்டேன்னு சொன்னனே. வேண்டாமுங்க. சரி, குடுங்க. ஒண்ணு மட்டும் குடுங்க, ஒண்ணு நீங்க வெச்சுக்கங்க.

...

டக்கு டக்கு டக்கு.

...

அண்ணா, இது...

இல்லீங்க. இருங்க.

மயில்சாமி அண்ணன் இருமறாரு பாருங்க. கேட்டுதுங்களா? கரண்டி விழுகுது. இது அவரு கடைங்க. இது அங்கதான்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமில்லீங்களாண்ணா." கேட்டுதுங்களா? அந்த மந்திரம் சொல்றவன். என்ன சொல்றான் பாருங்க. ஒரு வார்த்தை எங்கிட்ட... என்ர குரல் இப்படியா இருக்கும்? இவ்வளவு மெதுவாவா நான் பேசறேன்? நான் கத்தினேன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன். அண்டாவுக்குள்ள போய் வந்தா இப்படி ஆயிருதா. தாலாட்டற மாதிரி இருக்குது. நான் திட்டிட்டு இருக்கேன், அது தாலாட்டற மாதிரி இருக்குது.

இப்ப நிவேதன் பாடறான். ரெண்டே வரிதான்.

"கீழே ஆள் இருக்கு, வெளக்க அணைக்காதீங்க.
பேச்சு கேக்கற வரைக்கும் காது இரையாது."

முடிஞ்சுருச்சு.

திருட்டுப் பசங்க. எங்கிட்டக் கேக்காமயே எடுத்திருக்காங்க பாருங்க. ஒரு வார்த்தை... ஒம்பது வருசம் மாங்கு மாங்குன்னு அடிச்சேன், அதையெல்லாம் விட்டுட்டு, சும்மா உக்காந்து பொலம்பினத எடுத்திருக்கான். காது இரையாதாம். நான் பேசினா காது இரையாதாம். அதென்ன எடது காது மட்டும்னு கேட்டுட்டு இருந்தேன் நான் அவன்கிட்ட.

ஆமாங்க கண்டக்டரே, சேலந்தான், தெரியுது. இல்லீங்க, நான் எறங்கல. டிக்கெட்டு பெங்களூருக்குத்தானே இருக்குது, பாருங்க. எறங்கறேன்னு நான் எப்பச் சொன்னேன்? இவருகிட்ட சொன்னேன், உங்ககிட்டயா சொன்னேன்? ஏறறவங்கள ஏறச் சொல்லுங்க.

அண்ணா, கொஞ்சம் எந்திரிக்கறீங்களா, இந்த சிம்பல மேல வெச்சுக்கறேன். வளைஞ்சா வளையுது. அம்மா, உங்க தலைக்கு மேல ஒரு பை வெக்கறேனுங்க, சத்தம் வராது.

பெங்களூருக்கு எத்தனை மணிக்குப் போகுமுங்க? கச்சேரிக்கு முன்னால போயிருமில்ல? கடைசிப் பாட்டுத்தான், இருந்தாலும் மொதல்ல இருந்தே இருக்கறது நல்லது.

அண்ணா, இன்னொரு வாட்டி போடுங்க. அது மட்டும் இல்ல, மொதப் பாட்டுல இருந்து. ரெண்டு பேரும் ஒவ்வொண்ணு வெச்சுக்கலாம்.

போடுங்க. நான் பேசலீங்க.